ஓப்பீர் தாத்தாவுக்கு வாயாக இருந்தவள்

ஓப்பீர் தாத்தா பேசுவது அந்த முதியோர் இல்லத்தில் ஆயாம்மாவைத் தவிர வேறு ஒருவருக்கும் விளங்காது. பக்கவாதம் வந்து வலது கையும் பாதி வாயும் விழுந்துபோன பிறகு, கூழாங்கல்லை வாயில் போட்டு உருட்டுவது போலத்தான் அவர் பேச்சு வரும். டாக்டர் குனிந்து காதைக் கொடுத்துக் கேட்பார், புரிந்தவர் போலத் தலையாட்டுவார், அப்புறம் மெதுவாக ஆயாம்மாவைப் பார்ப்பார்.

"முதுகு அரிக்குதாம் டாக்டர்" என்பாள் அவள்.

"அதைத்தான் நானும் நினைச்சேன்" என்பார் டாக்டர்.

இல்லத்தைச் சபைதான் நடத்தியது. கீழ்த்தளத்தில் ஆண்கள், மாடியில் பெண்கள். இரும்புக் கட்டில்கள், எண்ணெய்த்துணி விரித்த மெத்தைகள், விளிம்பில் எனாமல் உதிர்ந்த பேசின்கள். ஆயாம்மாவுக்குக் கொல்லைப்பக்கம் ஒரு அறை கொடுத்திருந்தார்கள். கணவன் இறந்து, பிள்ளையும் இல்லாத அவளுக்கு அந்த அறையும் கீழ்த்தளமும்தான் உலகம். விடிந்ததும் ஜெபம் பண்ணிவிட்டு வெந்நீர் வாளியோடு வருவாள். யார் முதுகில் தோல் சிவந்திருக்கிறது, யார் நேற்றுச் சரியாகச் சாப்பிடவில்லை, எல்லாம் அவள் கைக்குத் தெரியும்.

தாத்தாவுக்கு அந்தப் பெயர் வந்தது சும்மா இல்லை. சாலமோன் ராஜாவின் கப்பல்கள் பொன் ஏற்றி வந்த ஓப்பீர் என்கிற ஊரைத் தேடியே ஆயுளைக் கழித்தவர் அவர். ஒரு காலத்தில் சபை சபையாகப் போய்ப் பேசுவார். மேசைமேல் மஞ்சள் மின்னும் கற்களைப் பரப்பி வைத்து, "இதோ, வேதம் பொய் சொல்லாது!" என்பார். கூட்டம் வாய் பிளந்து கேட்கும். இப்போது அந்தக் கற்கள் ஒரு பிஸ்கட் டப்பாவில் அவர் தலையணைக்குக் கீழே கிடந்தன.

ஆயாம்மாவுக்கு அவரை முன்பே தெரியும். அவருக்குத்தான் அவளைத் தெரியவில்லை.

அவளுடைய அண்ணன் லாரி டிரைவர். அப்பா சீக்கிரம் போய்விட்டதால் அவளுக்கு அப்பாவும் அவன்தான். சைக்கிள் பழக்கியவன், பள்ளிக்கூடத்தில் அவளை அடித்த பையனின் வீட்டு வாசலில் போய் நின்று வம்பு பேசியவன், அவள் கல்யாணத்துக்குப் பந்தல் கட்டியவன். ஓப்பீருக்குப் போகிற கூட்டம் ஒரு லாரியும் டிரைவரும் தேடியபோது, "ராஜா சாமான் ஏத்தின வண்டின்னு எழுதி ஒட்டிக்குவேன், அப்புறம் எவன் என் வண்டியை ஓவர்டேக் பண்ணுவான் பாக்கறேன்" என்று சிரித்துக்கொண்டே கிளம்பினான். ஜீப்பில் இவர், லாரியில் அவன். எங்கோ பொட்டல்வெளியின் நடுவில் லாரியின் அச்சு முறிந்தது. சாமானுக்குக் காவலாக அவனை விட்டுவிட்டு, வேறு அச்சு வாங்கிவரப் போகிறேன் என்று ஜீப்பில் திரும்பிய மனிதர் ஊருக்கு வந்ததும் காய்ச்சலில் படுத்தார். அவரிடம் இடத்தைக் கேட்டுக்கொண்டு தேட ஆள் போனது. வெறுங்கையோடு வந்தது. அம்மா அதற்கப்புறம் சாகும்வரை வாசல் கதவுக்குத் தாழ்ப்பாள் போடவில்லை. திருடன் வருவான் என்று சொன்னால், "வரட்டும், வந்து என்னத்தை எடுக்கப் போறான்" என்பாள்.

அவரைக் கட்டிலில் கொண்டுவந்து கிடத்திய அன்று ஆயாம்மாவுக்கு வயிறு எரிந்தது உண்மை. ஆனாலும் அவர்மேல் என்ன குற்றம்? பொட்டல் விழுங்கிவிட்டது, காய்ச்சல் யாரைக் கேட்டு வருகிறது, கர்த்தருடைய சித்தம் என்று மனதை அடக்கிக்கொண்டாள். மற்றவர்களைப் போலவே அவரையும் துடைத்தாள், திருப்பிப் போட்டாள், ஊட்டினாள். அந்தக் கூழாங்கல் பேச்சு அவளுக்கு மட்டும் புரிந்துபோனதும் அப்படித்தான். பக்கத்தில் இருந்து இருந்து, காது பழகிவிட்டது.

ஒரு நாள் காலை அவர் கால் நகங்களை வெட்டிக்கொண்டிருந்தாள். தடித்துப்போன நகங்கள், சோப்புத் தண்ணீரில் ஊறவைத்துத்தான் வெட்ட வேண்டும். அவருக்கு அன்று நல்ல குஷி. ஓப்பீர்க் கதையை ஆரம்பித்துவிட்டார்.

"எத்தனை பேரு என் பின்னாலேயே மோப்பம் பிடிச்சுட்டு வந்தாங்க தெரியுமா? ஒருத்தனுக்கும் இடத்தைக் காட்டலையே! கேட்டவனுக்கெல்லாம் ஒவ்வொரு இடம் சொல்லுவேன். லாரியைத் தேட வந்தாங்க பாரு, அவங்களையே சுத்த விட்டேன்."

ஆயாம்மா நிமிர்ந்தாள். "எப்படி ஐயா?"

"லாரி நின்னது மேற்கே. ரெட்டைப் பாறைக்கு அந்தப் பக்கம். நான் கிழக்கேன்னு கையைக் காட்டினேன். தேட வந்தவங்கள்ல ஒருத்தன் கல்லு மண்ணைப் பத்திப் படிச்சவன். மேற்கே விட்டிருந்தா நான் கண்டுவெச்ச குழி அவன் கண்ணுல பட்டிருக்கும். ஓப்பீர் அவன் பேருக்குப் போயிருக்கும்!"

"லாரியில ஆளு இருந்தாரே."

"இருந்தான். நல்ல பையன். தண்ணி கொஞ்சம் வெச்சுட்டுத்தான் வந்தேன்." பாதி வாயால் சிரித்தார். "ஆனா பாரும்மா, இடம் இன்னிக்கு வரைக்கும் பத்திரமா இருக்கு."

நகவெட்டி அவள் கையில் அப்படியே நின்றது. காதுக்குள் ஏதோ அடைத்துக்கொண்ட மாதிரி இருந்தது.

பக்கத்துக் கட்டிலில் குடைத் தாத்தா. வாழ்நாள் முழுக்கக் குடை ரிப்பேர் பார்த்தவர், ஊர்க்கதை கேட்காவிட்டால் சோறு இறங்காது. "என்னவாம் ஆயாம்மா? ஒரே சிரிப்பா இருக்கு?"

"தண்ணி கேக்கறாரு."

"தண்ணிக்கா இவ்வளவு சிரிப்பு?"

அவள் மிச்ச நகங்களையும் வெட்டினாள், சதையில் படாமல். துண்டால் பாதத்தைத் துடைத்தாள். பேசினை எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போய், குழாயைத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்தில் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

போதகர் சிற்றாலயத்தில் ஏணிமேல் நின்று பல்பு மாட்டிக்கொண்டிருந்தார். அவள் போய் ஏணியைப் பிடித்துக்கொண்டாள்.

"ஐயா, ஓப்பீர் எங்க இருக்கு?"

"என்னம்மா, தாத்தா உனக்கும் பைத்தியம் பிடிக்க வெச்சுட்டாரா?" என்று மேலிருந்தபடியே சிரித்தார் போதகர். "வேதத்துல பேரு இருக்கு, போற வழி இல்ல. கப்பல் போச்சு, பொன் வந்துச்சு. அவ்வளவுதான். எவ்வளவு பொன்னுங்கறதுலயே ராஜாக்கள் புஸ்தகம் ஒரு கணக்கு சொல்லுது, நாளாகமம் இன்னொரு கணக்கு சொல்லுது. படிச்சவங்கள்ல ஒருத்தர் அரேபியாங்கறாரு, ஒருத்தர் ஆப்பிரிக்காங்கறாரு, இன்னொருத்தர் இந்தியாங்கறாரு. எங்கயாவது பழைய குழியைப் பாத்தா உடனே சாலமோன் தோண்டினதுன்னு ஒருத்தர் எழுதுவாரு. பின்னால இன்னொருத்தர் வந்து, இது செம்புக் குழி, அந்த ராஜாவுக்கும் இதுக்கும் சம்பந்தம் இருக்கான்னே தெரியலைன்னு எழுதுவாரு."

"அப்போ அது இல்லாத ஊரா?"

"அப்படிச் சொல்ல மாட்டேன். இருந்த இடம் யாருக்கும் தெரியாத ஊரு. நம்ம தாத்தாவுக்கும் சேர்த்துத்தான்." பல்பு எரிந்தது. "ஏம்மா முகம் ஒரு மாதிரி இருக்கு?"

"ஏணி ஆடுது ஐயா. பாத்து இறங்குங்க."

யாருக்கும் தெரியாத ஒரு ஊரைக் காப்பாற்றுவதற்காக, நன்றாகத் தெரிந்த ஓர் இடத்தை மறைத்திருக்கிறார். அந்த இடத்தில் அவள் அண்ணன் லாரி நிழலில் உட்கார்ந்து வழி பார்த்திருக்கிறான். இதை நினைக்க நினைக்க அவளுக்கு நெஞ்சு கொதித்தது. பழி தீர்ப்பது தம்முடைய வேலை என்று கர்த்தர் சொல்லியிருப்பது அவளுக்குத் தெரியாததல்ல. "உம்முடைய வேலைதான் ஆண்டவரே, நான் இல்லேங்கல. ஆனா இந்தக் கட்டில் என் பொறுப்புல இருக்கே" என்று முழங்காலில் நின்று வாதாடினாள். அவர் உடம்பில் கை வைத்துப் பழி தீர்க்க மட்டும் மனம் வரவில்லை. வெந்நீர் வழக்கமான சூட்டில்தான் இருந்தது. படுக்கைப்புண் வராமல் பார்த்துக்கொண்டாள். அவருக்கு வலிக்க வேண்டிய இடம் தோலில் இல்லை என்று அவளுக்குத் தெரிந்தது.

இரண்டொரு வாரத்தில் அவருடைய மகன் வந்தான். லாரி உதிரிப்பாகக் கடை வைத்திருக்கிறவன், நல்ல மாதிரியான ஆள். அப்பாவின் ஓப்பீரால் சின்ன வயதில் அப்பாவையே பார்க்காமல் வளர்ந்தவன். வரும்போதெல்லாம் கிழவர் அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டு, "நீ போ, நீ போய்ப் பாரு" என்று கெஞ்சுவார்.

"சரிப்பா, போறேன்" என்றான் அன்றைக்கு. ஆயாம்மாவிடம் திரும்பி, "ஒரு தடவை போய்ப் பாத்துட்டு வந்து சொல்லிட்டா இவரும் நிம்மதியா கண்ணை மூடுவாரு அக்கா. கூட்டாளி ஒருத்தனும் வரான். ரெண்டு ஜீப். இடத்தைக் கேட்டுச் சொல்லுங்க" என்றான்.

கிழவர் குடைத் தாத்தாவைச் சந்தேகமாகப் பார்த்தார். "இவன் காதுல விழக் கூடாது. நீ குனி. உன் காதுல சொல்றேன். நீ வெளிய கூட்டிட்டுப் போய்ச் சொல்லு."

"என்ன, என்னையா பாக்கறாரு?" என்றார் குடைத் தாத்தா. "நான் எந்திரிச்சுக் கக்கூஸுக்குப் போறதுக்கே அரை நாளாகுது. தங்கத்தை எடுக்கவா ஓடப் போறேன்!"

ஆயாம்மா குனிந்தாள். அவர் மூச்சு அவள் கன்னத்தில் பட்டது. பாதை பிரிகிற இடம், வற்றிய ஆற்றுப் படுகை, இரட்டைப் பாறை, அதற்கு மேற்கே முறிந்த அச்சோடு நின்ற லாரி, அங்கிருந்து கூப்பிடு தூரத்தில் குழி. எல்லாம் சொன்னார். புத்தி எவ்வளவு மங்கினாலும் அது மட்டும் மங்கவில்லை.

மகனை வராந்தாவுக்குக் கூட்டிப் போனாள். பொய்யை நாக்கு நுனியில் வைத்துக்கொண்டுதான் போனாள். கிழக்கே என்று ஒரு வார்த்தை. அம்மா திறந்துவைத்த கதவைப்போல இந்தக் கிழவனுக்கும் ஒரு கதவு. கணக்கு சரியாகிவிடும். வாயைத் திறந்தபோது, அவன் தோளில் தொங்கிய தண்ணீர்க் குடுவை கண்ணில் பட்டது. வீட்டில் யாரோ அதற்கு உறை தைத்துக் கொடுத்திருந்தார்கள். பழைய துணியில், நெருக்க நெருக்கமாக.

"மேற்கே தம்பி" என்றாள். எல்லாவற்றையும் சரியாகச் சொன்னாள். அப்புறம் தூணைப் பிடித்துக்கொண்டு, "அங்க லாரி நிக்கும். அதுல எங்க அண்ணன் இருப்பாரு. என்ன கிடைக்குதோ எடுத்துட்டு வாங்க. உங்க அப்பாகிட்ட இப்போ எதுவும் கேக்காதீங்க, சொல்லாதீங்க. நேரா கிளம்புங்க" என்றாள்.

அவன் முகம் வெளுத்துவிட்டது. "அக்கா... தேடிப் பாத்தாங்க, கிடைக்கலைன்னுதானே..."

"கிழக்கே தேடினாங்க. உங்க அப்பா கிழக்கேன்னு காட்டினாரு."

அவன் படியிறங்கும்போது ஒரு படியைத் தவறவிட்டுச் சமாளித்துக்கொண்டான்.

ஆயாம்மா உள்ளே வந்தாள். கிழவரின் போர்வையைச் சரிசெய்வது போலக் குனிந்து, அவர் காதில் சொன்னாள்:

"கிழக்கேன்னு சொல்லி அனுப்பிட்டேன்."

அவருக்கு உடனே ஏறவில்லை.

"லாரியில இருந்த நல்ல பையன் இருக்கானே, அவன் தங்கச்சி நான். உங்க மகனும் இப்போ கிழக்கே போறாரு. நீங்க பத்திரமா வெச்ச இடம் பத்திரமா இருக்கட்டும்."

அவர் அலறினார். கட்டில் கம்பியை இடது கையால் பிடித்து உலுக்கினார். "மேற்கே! மேற்கே! கூப்பிடுங்க அவனை!" மேட்ரன் ஓடிவந்தாள், சமையல்காரர் கரண்டியோடு வந்தார். எல்லாரும் ஆயாம்மாவைத்தான் பார்த்தார்கள். "என்ன சொல்றாரு?"

"தண்ணி கேக்கறாரு" என்றாள் ஆயாம்மா.

தண்ணீர் கொடுத்தார்கள். அவர் தம்ளரைத் தட்டிவிட்டு மேற்குப் பக்கம் கையை நீட்டி நீட்டிக் காட்டினார். அங்கே ஜன்னல் இருந்தது. சமையல்காரர் போய் ஜன்னலை அகலத் திறந்துவிட்டு, "காத்து வேணும்னா சொல்ல வேண்டியதுதானே தாத்தா, இதுக்கா இந்த ஆட்டம்" என்றார். மேட்ரன் காகிதமும் பென்சிலும் கொடுத்துப் பார்த்தாள். இடது கையால் அவர் கிறுக்கியது கோழி கிளறின மாதிரி இருந்தது.

மகன் போன இடத்தில் போனும் கிடைக்காது. நாட்கள் போயின. அவர் தூங்கவில்லை. வாசலில் வண்டிச் சத்தம் கேட்டால் தலையைத் தூக்குவார், கேட்காவிட்டாலும் தூக்குவார். ஊட்டினால் வாயோரம் ஒழுகவிடுவார். ஆயாம்மா துடைத்துவிட்டு மறுபடி ஊட்டினாள். அம்மா இப்படித்தான் தட்டைத் தள்ளிவைத்தாள் என்று ஒவ்வொரு கவளத்துக்கும் நினைத்துக்கொண்டாள். இரக்கம் வரும் என்று பயந்திருந்தாள். வரவில்லை. வந்தது ஒரு கசப்பான திருப்தி, மருந்து குடித்த வாய் மாதிரி.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து போதகர் கட்டில் கட்டிலாக ஜெபிக்க வந்தார். கிழவர் அவர் கையை இறுகப் பிடித்துக்கொண்டு, கண்ணீர் வழிய வழியப் பேசினார். போதகர் திரும்பினார். "என்னம்மா சொல்றாரு? அப்படியே சொல்லு."

போதகர் கையில் திறந்த வேதம் இருந்தது. அதன் முன்னால் தண்ணீர் கேட்கிறார் என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. கைகளைக் கட்டிக்கொண்டு, அவர் சொல்லச் சொல்ல வார்த்தை மாறாமல் சொன்னாள்.

"இந்தப் பொம்பளை என் மகனைத் தப்பான பக்கம் அனுப்பிட்டா. அவ அண்ணனைத் தேட வந்தவங்களை நான் தப்பான பக்கம் அனுப்பினேன். அதுக்குப் பழி வாங்கறா. அவன் அங்கதான் இருந்தான், எனக்குத் தெரியும். ஓப்பீரை எவனாவது எடுத்துக்குவான்னு பயந்தேன். என் மகனைக் காப்பாத்துங்க."

குடைத் தாத்தா எழுந்து உட்கார்ந்துவிட்டார்.

போதகர் தாழ்ந்த குரலில் கேட்டார். "உண்மையாம்மா?"

"அவர் செஞ்சது உண்மை. நான் செஞ்சதா அவர்கிட்ட சொன்னதுதான் பொய். தம்பிக்கு மேற்கேன்னுதான் சொல்லி அனுப்பினேன்."

"நீ செஞ்சது சரியில்லம்மா."

"சரியில்லதான் ஐயா. தெரிஞ்சுதான் செஞ்சேன்."

"அவர்கிட்ட இப்பவே சொல்லிடு."

"நீங்க சொல்லுங்க. என் வாயால வராது."

போதகர் சொன்னார். ஒன்றுக்கு இரண்டு முறை, கையைத் தட்டிக்கொடுத்துச் சொன்னார். கிழவர் நம்பவில்லை. கேட்டவர்களுக்கெல்லாம் ஆளுக்கொரு இடம் சொல்லியே வாழ்ந்த மனிதருக்கு, ஒருத்தி உண்மையான இடத்தைச் சொல்லியிருப்பாள் என்பது மண்டையில் ஏறவே இல்லை. "பொய்! உங்களையும் ஏமாத்தறா!" என்றார். அதையும் அவளே சொல்ல வேண்டியிருந்தது.

அந்த வாரக் கடைசியில், மதியச் சாப்பாட்டு நேரத்தில், மகன் வந்தான். முகம் வெயிலில் கறுத்து, உதடு வெடித்திருந்தது. தோளில் கித்தான் பை. கிழவர் அவனைப் பார்த்ததும் ஊளையிடுவது போல அழுதார். முகத்தைத் தடவினார், காதைத் தடவினார். மகனும் அழுதான். சமையல்காரர் மூக்கை உறிஞ்சினார். ஆயாம்மா பருப்புக் கரண்டியைப் பிடித்தபடி நின்றாள்.

மகன் எழுந்து வந்து பையை இரண்டு கைகளாலும் அவளிடம் நீட்டினான். "லாரிக்கு அடியில இருந்தாரு அக்கா. நிழலுக்காகப் போயிருக்காரு. எல்லாத்தையும் பொறுக்கி எடுத்துட்டு வந்திருக்கேன். ஒண்ணும் விடல."

அவள் கரண்டியை வைத்துவிட்டுக் கையைப் புடவையில் துடைத்து வாங்கிக்கொண்டாள். கனமே இல்லை.

பின்னால் கிழவர் ஏதோ சொன்னார். அவள் காதில் தெளிவாக விழுந்தது. "குழி? குழியைப் பாத்தியா? மண்ணு மஞ்சளா இருந்துதா?"

மகன் புரியாமல் பார்த்தான். ஆனாலும் அப்பா எதைக் கேட்பார் என்று ஊகித்திருக்க வேண்டும். "அங்க ஒண்ணும் இல்லப்பா. மழைத் தண்ணி அரிச்ச பள்ளம். எவனோ தண்ணிக்குத் தோண்டிப் பாத்துட்டு விட்டிருக்கான். உங்க டப்பாவுல இருக்கற மாதிரி கல்லு அங்க எங்க பாத்தாலும் கிடக்குது. கூட வந்தவன் சுத்தியால தட்டிப் பாத்தான், பொடிப் பொடியா போச்சு. தங்கம் பொடியாகாதுப்பா."

கிழவர் வேகமாக, கையை ஆட்டி ஆட்டிப் பேசினார். மகனைப் பறிகொடுத்துவிடுவோமோ என்ற பயமெல்லாம் போன இடம் தெரியவில்லை. கித்தான் பையைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "அப்போ அது இல்ல. நான்தான் இடத்தைத் தப்பாப் போட்டுட்டேன். இன்னும் தெற்கே. தெற்கே போகணும். நீ மறுபடி போ."

"அப்பா என்ன சொல்றாரு அக்கா?"

மேட்ரன், குடைத் தாத்தா, சமையல்காரர், எல்லாரும் வழக்கம் போல அவளைப் பார்த்தார்கள். ஆயாம்மா பையை மார்போடு அணைத்துக்கொண்டாள்.

"தெரியல தம்பி. எனக்குப் புரியல."

கிழவருக்கு விளங்கிவிட்டது. அவர் கண்ணில் முதல் முறையாக அவளைப் பற்றிய பயம் வந்ததை அவள் பார்த்தாள்.

மறுநாள் அம்மாவுக்குப் பக்கத்தில் அண்ணனை அடக்கம் செய்தார்கள். கிழவரின் மகன்தான் குழிக்கு மண் தள்ளினான். திரும்பி வரும் வழியில் போதகர் பேச்செடுத்தார். "அவருக்கு வாயே நீதானம்மா. அதையும் அடைச்சுட்டா எப்படி?"

"மன்னிப்புக் கேட்டா நிச்சயமா எடுத்துச் சொல்றேன் ஐயா, எல்லாருக்கும் கேக்கற மாதிரி சொல்றேன். தங்கத்தைக் கேட்டா எனக்குக் காது கேக்காது."

"ஜெபம் பண்ணும்மா."

"பண்றேன் ஐயா. அவர் கேக்கணும்னுதான் பண்றேன்."

அடுத்த நாள் காலை வெந்நீர் வாளியோடு வந்தாள். முழங்கையை நனைத்துச் சூடு பார்த்தாள். "கையைத் தூக்குங்க ஐயா" என்று சட்டையைக் கழற்றினாள். அவர் பேசிக்கொண்டே இருந்தார். தெற்கே ஒரு மலை, அதற்கு அப்பால் ஒரு கடற்கரை, கப்பல்கள் வந்து நின்ற துறை என்று போய்க்கொண்டே இருந்தது. அதில் அண்ணன் ஓரிடத்திலும் வரவில்லை.

"என்னவாம் ஆயாம்மா?" என்றார் குடைத் தாத்தா, ஆசை விடாமல்.

"யாருக்குத் தெரியும்" என்று சொல்லிவிட்டு, கிழவரை மெல்ல ஒருக்களித்துப் படுக்க வைத்து, முதுகுக்குச் சோப்புப் போட்டாள்.